சோற்றில் கலந்த சொட்டும் கையில் வாங்கிய மாத்திரையும்

அந்தக் கூடத்தில் நான்கு மின்விசிறிகள் இருந்தன. மூன்று ஓடவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த மனநல ஆலோசகர்கள் பதினெட்டுப் பேருக்கு அன்று பயிற்சி. ஓய்வுபெற்ற ஆண் செவிலியன் என்று என்னையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். அழைத்து, ஓடாத விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். இடம் மாற்றிக் கேட்டதற்கு, "செத்த நேரந்தான் சார், முடிஞ்சிரும்" என்றார்கள். சாயங்காலம் வரை முடியவில்லை.

நடுவில் ஒரு வாக்குவாதம் வந்தது. அவரவர் மனசுக்கு அவரவர்தான் பொறுப்பு, இதை முதல் நாளே நோயாளிக்குப் புரிய வைத்துவிட வேண்டும் என்றார் ஒரு பெண். எதிர் வரிசையில் இருந்த இளைஞர் எழுந்துவிட்டார். வேலை கிடையாது, தலைக்கு மேல் கடன், தெருவுக்குள் நுழைந்தால் சாதி. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒருவனிடம் ‘நீதான் பொறுப்பு’ என்று சொல்வது, அரசாங்கம் கை கழுவுவதற்குத் தோதான பேச்சு என்றார். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி என்று எனக்குப் பட்டது. அப்படிச் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர்களே என்னிடம் வந்து, வேலையில் நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள் சார் என்றார்கள். எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். நாற்காலி சரியில்லை, கண்ணாடியும் சரியில்லை. ஆனால் யாரைப் பற்றி எழுதுவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் வேலை பார்த்தது திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை நடத்திய மனநல மருத்துவமனையில். படுக்கைகள் முப்பது. வாரம் ஒரு நாள் சித்தையன்கோட்டையில் முகாம், ஒரு நாள் நத்தத்தில். சிறுமலைக்கு மாதம் ஒரு முறை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வாழைக்காய் ஏற்றிய வண்டியில் தொற்றிக்கொண்டு இறங்க வேண்டும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடக் கற்றேன், முரண்டு பிடிப்பவரை அடிபடாமல் பிடிக்கக் கற்றேன், மாத்திரை எண்ணக் கற்றேன். எண்ணுவது மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தராமலே வந்தது. நோயாளி மறுமுறை வரும்போது மீதி மாத்திரைகளைக் கொண்டுவர வேண்டும். இருக்க வேண்டியது எத்தனை, இருப்பது எத்தனை என்று பார்ப்பது என் வேலை. அதிகமாக இருந்தால் சாப்பிடவில்லை. குறைவாக இருந்தால் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மேசையில் வரிசையாக வைத்து, விரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவேன். பார்த்தவர்கள் சோழி விளையாடுகிறேன் என்பார்கள்.

எண்ண முடியாத ஒன்று சொட்டு மருந்து. நிறமில்லாதது. தனக்கு நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாத ஆள் மாத்திரையைத் துப்பிவிடுவார். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள் என்று அந்தக் காலத்தில் சில டாக்டர்கள் சொட்டு எழுதிக் கொடுத்தார்கள். மாதம் ஒரு முறை மனைவியோ தாயோ தனியாக வந்து வாங்கிப் போவார். எதில் கலந்தால் தெரியாது என்பதை அந்தப் பெண்களிடம்தான் நான் தெரிந்துகொண்டேன். ரசத்தில் தெரியாதாம். மோரில் லேசாகத் தெரியுமாம். வெறும் தண்ணீரில் உடனே கண்டுபிடித்துவிடுவார்களாம். அதைக் கேட்டு நான் அடுத்தவருக்குச் சொல்வேன். உபகாரம் செய்வதாகத்தான் எல்லாரும் நினைத்தோம்.

பிறகு எங்கள் டாக்டரம்மா வந்தார். பழைய பெரிய டாக்டர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு வந்தவர். நிலக்கோட்டைப் பக்கத்துக்காரர், குட்டையான உருவம், அதிகம் சிரிக்க மாட்டார். அறைக்குள் வந்த முதல் நாளே ஆறு நாற்காலிகளில் நான்கை வெளியே போடச் சொன்னார். ஒன்று அவருக்கு, ஒன்று நோயாளிக்கு. கூட வந்தவர்கள் நிற்க வேண்டும். நோயாளி பேசி முடிக்கும் வரை பேனாவின் மூடியைத் திறக்க மாட்டார். அதற்குள் அப்பாவோ அண்ணனோ, "அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நா சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். நோயாளியைப் பார்த்து, "இவர் பேசலாமா? உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பார். கிராமத்துப் பெரிய மனிதர்கள் எத்தனை பேர் அந்த அறையில் மூச்சடைத்து நின்றார்கள் என்று நான் கணக்கு வைத்திருக்கலாம். என்னிடமும் கடுமைதான். மாத்திரைக் கவரை நான் நோயாளியின் மனைவியிடம் நீட்டினால், "சவரி சார், வியாதி அவருக்கா அந்தம்மாவுக்கா?" என்பார், வரிசையில் எல்லாரும் கேட்கிற மாதிரி.

நத்தம் முகாமுக்குப் பாண்டியம்மாள் மாதந்தோறும் தனியாக வருவாள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) நத்தத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். புருஷன் ராசாங்கம் சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்து, மாம்பழமும் புளியும் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு ஓட்டுபவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு காதில் குரல் கேட்கிறது என்று வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருக்கிறார். பெண்சாதியும் மச்சானும் சேர்ந்து தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். பழைய டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டுதான் அவரைத் தேற்றியது. மறுபடி வண்டி ஓட்டினார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தான் மருந்து சாப்பிடுவது ராசாங்கத்துக்கு மட்டும் தெரியாது.

டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் கேட்டார்: "ஆள் எங்க?"

அவர் வர மாட்டார், சொட்டு மட்டும் போதும் என்றாள். டாக்டரம்மா எழுதவில்லை. அவளை மேலும் பேச விட்டார். அப்போதுதான் விஷயம் வந்தது. மூன்று வாரமாக ராசாங்கம் உடம்பு அசத்துகிறது, வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்கிறார். யாரோ தனக்கு இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம். எங்கள் பக்கத்தில் இது பழைய நம்பிக்கை. ஆளை வசப்படுத்தவோ முடக்கவோ சாப்பாட்டில் எதையோ வைத்துவிடுவார்கள் என்றும், அது வயிற்றிலேயே தங்கும் என்றும் சொல்வார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. ராசாங்கம் அப்படி ஒருவரிடம் போய், பச்சிலைச் சாறு குடித்து வாந்தி எடுத்திருக்கிறார். வந்தது இடுமருந்துதான், வைத்தது வீட்டுக்குள் இருப்பவர்தான் என்று அந்த ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று மட்டும் கூட வந்திருந்த அவளுடைய அண்ணன் கருப்பணன் வாசலில் நின்றவர் உள்ளே வந்தார். ஊரில் கட்சிக்காரர், வார்டு உறுப்பினர். அந்தக் குடும்பத்தில் யார் எங்கே வேலைக்குப் போவது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்வார். சொட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் மாப்பிள்ளை பேசாமல் கிடப்பார் என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார், குடும்பம் கெடும், சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "வண்டி ஓட்டுறவருக்குத் தெரியாம தூங்க வைக்கிற மருந்து குடுக்குறீங்க. ஓட்டாதீங்கன்னு சொல்லணும்னா ஏன்னு சொல்லணும். ஏன்னு சொல்லாம எப்படி நிறுத்துவீங்க? ரோட்டுல எதிர்ல வர்றவனுக்கும் சேத்துத்தான் சொட்டு ஊத்துறீங்க."

பாண்டியம்மாள்தான் கேட்டாள்: "சொன்னா எங் கையால ஒரு வாய்த் தண்ணி குடிப்பாராம்மா இனிமே?"

"தெரியல" என்றார் டாக்டரம்மா. அவரிடம் எனக்குப் பிடிக்காததும் பிடித்ததும் இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார், எதிரில் இருப்பவர் அழுதுகொண்டிருந்தாலும்.

‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்று சொல்லித் துணைக்கு அவரை அழைத்து வருகிறேன் என்றாள் பாண்டியம்மாள். அதுவும் கூடாது, பொய் சொல்லாமல் கூட்டி வா என்று அனுப்பிவிட்டார். அவள் போனதும் நான் டாக்டரம்மாவிடம் சண்டை பிடித்தேன். அவன் இவளை அடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். தன் கைப்பேசி எண்ணை அவளிடம் கொடுத்திருப்பதாகவும், இன்றைக்கு அவள் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தங்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அதை அவர் எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

இரண்டாம் நாளே ராசாங்கம் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டார், பாண்டியம்மாளோடு, பஸ்ஸில். எப்படி வந்தார் என்று எனக்கு ஆச்சரியம். அவள் வீட்டில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருக்கிறாள்: "நா ஒண்ணு செஞ்சுட்டேன், அத அந்த டாக்டரம்மா முன்னாடிதான் சொல்லுவேன்." இரண்டு வருடமாக ‘ஒண்ணும் இல்ல, எல்லாம் ஒம் பிரமை’ என்று கேட்டே சலித்தவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

நோயாளியின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் நின்றாள். அவருக்குச் சம்மதமா என்று டாக்டரம்மா கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு அவள் சொன்னாள். ரசத்தில் ஊற்றியதையும், காலையில் எத்தனை சொட்டு என்பதையும், ஒரு நாள் மறந்துபோய் மறுநாள் சேர்த்து ஊற்றியதையும்கூட மறைக்கவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றிருந்தேன். ஆள் திமிறினால் பிடிப்பதற்கு.

ராசாங்கம் திமிறவில்லை. "அப்ப நா சொன்னது நெசம்" என்றார்.

"நெசந்தான்" என்றார் டாக்டரம்மா. "சாப்பாட்டுல மருந்து இருந்துச்சு. நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. ஆனா அது ஒங்களக் கொல்லப் போட்டதில்ல. ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்."

மருந்தின் பெயர், அது எதற்கு, நாக்கு வறளும், தூக்கம் வரும், இதைச் சாப்பிடும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று எல்லாவற்றையும் டாக்டரம்மா சொன்னார். நான் கவரை ராசாங்கத்தின் கையில் கொடுத்தேன். அவர் அதை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தடுக்கச் சொல்லுவார் என்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அதன் பிறகு வந்த வாரங்கள் எனக்குச் சரியாகவே போகவில்லை. பாண்டியம்மாள் போனில் சொல்வாள். ராசாங்கம் வீட்டில் சாப்பிடுவதில்லை. தனியாக ஒரு சட்டியும் ஸ்டவ்வும் வாங்கி, தானே பொங்கித் தின்கிறார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூடக் கடையில் வாங்குகிறார். வண்டிக்குள்ளேயே படுக்கிறார். அவளோடு ஒரு பேச்சுக் கிடையாது. மச்சானைக் கண்டால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் மருந்து உடம்பிலிருந்து இறங்க இறங்க அசதி போய்விட்டது; ஆள் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்றாள். அதுதான் எனக்குப் பயம். டாக்டரம்மா அவளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார்: ஆபத்து என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் கூப்பிடு, நாங்கள் வருவோம், மற்றபடி சோற்றில் எதுவும் போடாதே.

ஒரு நாள் முற்பகல் நான் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ராசாங்கம் வந்து நின்றார். தனியாக. தாடி வளர்ந்திருந்தது, கண்ணில் தூக்கமில்லை. வண்டி எங்கே என்றேன். சாவியைப் பாண்டியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"சத்தம் திரும்ப வருதும்மா. நானே பொங்கி நானே தின்னேன். எவளும் எதுவும் போடல. அப்பயும் வருது." காதைத் தொட்டுக் காட்டினார். "அப்ப அது என்னோடதுதான்."

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அறிவுரை சொல்லி வரவைத்த வார்த்தை அல்ல அது. அவர் தன் சட்டியில் தானே சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. அவருக்குத் தெரியாமல் நாங்கள் ஊற்றிக்கொண்டே இருந்திருந்தால் அந்தச் சோதனையை அவரால் செய்யவே முடிந்திருக்காது. வியாதி அவருடையதா, வீட்டார் செய்த சதியா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் செய்துவைத்திருந்தோம்.

இந்த முறை கவரை அவர் கை நீட்டி வாங்கினார். பிரித்து, எங்கள் முன்னாலேயே எண்ணினார். நான் எண்ணியதைவிட மெதுவாக, ஆனால் சரியாக. வண்டி எப்போது ஓட்டலாம் என்று கேட்டார். அளவு சரியாகி, தூக்கம் தெளிந்த பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதுவரை வண்டிக்கு வேறு டிரைவர் போட அவரே ஏற்பாடு செய்துகொண்டார்.

அங்கேயே இன்னொரு சிக்கல் முளைத்தது. இனிமேல் யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது, என் வியாதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். டாக்டரம்மா சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் ஒன்று. "பின்கழுத்துல கட்டி வந்தா ஒங்களுக்கே தெரியுமா? யாராச்சும் பாத்துத்தான சொல்லணும். அந்த ஆள நீங்களே தேர்ந்தெடுங்க. மச்சான் வேணாம், பொண்டாட்டி வேணாம்னாலும் சரி. டீக்கடைக்காரரா இருந்தாலும் சரி."

ராசாங்கம் யோசித்தார். டிரைவர் சிநேகிதன் ஒருவன் பெயரைச் சொன்னார், பிறகு அவனுக்குக் குடிப்பழக்கம் என்று வேண்டாம் என்றார். கடைசியில், "அவளே இருக்கட்டும். அவதான் மொதல்ல கண்டுபிடிப்பா" என்றார். ஆனால் நிபந்தனை ஒன்று போட்டார். ‘போட்டாச்சா’ என்று ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும். பாண்டியம்மாள் அந்த ஒரு தடவையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாளாம். "ஒரு தடவதான சொன்னீங்க, மெதுவா கேக்கச் சொல்லலயே" என்று பதில் வேறு.

அவள் சமையலைச் சாப்பிட இன்னும் கொஞ்ச காலம் ஆனது. முதலில் அவள் தன் தட்டில் போட்டுக்கொண்ட அதே பானையிலிருந்து தானே எடுத்துச் சாப்பிட்டார். பிறகு பிள்ளைகள் பரிமாறினால் சாப்பிட்டார். ஒரு நாள் ரசம் கேட்டாராம். அதைச் சொல்லும்போது பாண்டியம்மாள் போனிலேயே அழுதாள். நான் மாத்திரை மீதி எத்தனை என்று கேட்டுவைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ராசாங்கமே என்னைக் கூப்பிட்டார். ஊரில் கிராம சபைக் கூட்டம், வாங்க சார் என்று. எதற்கென்று சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். சமுதாயக் கூடத்துக்கு வெளியே பந்தல், எழுபது பேர் இருக்கும். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடிந்த பிறகு அவர் எழுந்தார். எழுந்ததுமே கருப்பணன், "மாப்ள, உக்காருங்க, வீட்டுல பேசிக்கலாம்" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, கிறுக்குப் பய பேசப் போறான்டா" என்று சிரித்தான்.

ராசாங்கம் திரும்பிப் பார்த்தார். "ஆமாப்பு. நா மாத்திர போட்டுட்டு வந்திருக்கேன். நீ போடாம வந்துட்ட போல."

பந்தலே சிரித்தது. கேலி செய்தவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து ராசாங்கம் பேசினார். எனக்கு மனநோய் இருக்கிறது. மாத்திரையைத் தினமும் விழுங்குவது என் பொறுப்பு, அதை நான் செய்கிறேன். ஆனால் அதை வாங்கத் திண்டுக்கல் போக எனக்கு ஒரு நாள் வேலை போகிறது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் நம்ம சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாதிரி இதையும் கொடுக்க வைப்பது உங்கள் பொறுப்பு, தீர்மானம் போடுங்கள் என்றார். அத்தனை பெரிய பேச்சு இல்லை. மூன்று நிமிடம்கூட இருக்காது.

குடும்ப மானம் போய்விட்டது என்று கருப்பணன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் முதல் கை பாண்டியம்மாளுடையது. அவள் அண்ணனைப் பார்க்காமல் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்ற கைகள் எழுந்தன. கருப்பணன் கடைசியாக, காதைச் சொறிகிற மாதிரி கையை உயர்த்தினார். நான் அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

தீர்மானம் போட்ட உடனே மாத்திரை வந்துவிடவில்லை. மனு, நினைவூட்டு மனு, நேரில் போய் நிற்பது என்று ராசாங்கம் அலைந்தார். அலைவதற்கு மட்டும் மச்சான் கூட வந்தார்; கட்சிக்காரர் என்பதால் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது மாதம் ஒரு நாள் அந்தச் சுகாதார நிலையத்திலேயே மருந்து கொடுக்கிறார்கள்.

போன வாரம் பார்க்கப் போனேன். எனக்குப் பொறுமை கிடையாது. நேரே ஜன்னலுக்குப் போய், மாத்திரை அட்டைகளில் காலாவதித் தேதி சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"சவரி சார், வரிச அங்குட்டு நிக்குது."

ராசாங்கம். வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றிருந்தார். நான் போய்க் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். இத்தனை காலம் எந்த வீட்டுக்குள் இருந்தார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார், முப்பது வயது இருக்கும், பக்கத்தில் அவர் மனைவி. என்னையும் மருந்துக்கு வந்தவன் என்றே நினைத்துக்கொண்டு, எம்புட்டு நாளா மாத்திரை போடுறீங்க என்று கேட்டார்.

பதினோரு வருடமாக, ரத்தக்கொதிப்புக்கு என்றேன்.

அவர் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "தெரிஞ்சேதான போடுறீங்க?"

"தெரிஞ்சேதான் தம்பி."

"நானும் இப்பத்தேன் தெரிஞ்சு போடுறேன்" என்றார். வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.